தட்டில் வளராத கூட்டம்

நடந்தது, வரிசையாக:

1. திருவரங்குளத்திலிருந்து உள்ளே பிரியும் சாலையில், தைலமரக் காட்டைத் தாண்டி ஒரு சிறிய ஊர். அங்கே செல்வராணி என்பவர் தன் வீட்டுக் கொல்லையில் ஆழமாக போர் (ஆழ்துளைக் கிணறு) போட்டார். அவர் கணவருக்குக் குவைத்தில் டிரைவர் வேலை.

2. ஊருணி கோடையில் வற்றிவிடும். அதனால் மதிலுக்கு வெளியே ஒரு குழாய் வைத்து, தெருவே பிடித்துக்கொள்ளட்டும் என்று விட்டார்.

3. நிலத்தடி நீரில் வாழும் நுண்ணுயிர்களைப் பற்றிய எங்கள் திட்டத்தின் பட்டியலில் அந்த போரும் ஒன்று. மாதம் ஒருமுறை போய்த் தண்ணீர் எடுப்பது என் வேலை.

4. அந்தத் தண்ணீரில், இதுவரை எவரும் ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்காத ஒரு பாக்டீரியாக் கூட்டத்தின் மரபணு கிடைத்தது.

5. அதே தெருவில் கருப்பையா, மல்லிகா தம்பதியின் இரண்டு வயது மகள் யாழினி வயிற்றுப்போக்கில் இறந்துபோனாள்.

6. நான்காவது செய்தியும் ஐந்தாவது செய்தியும் ஒரே வாரத்தில் ஊருக்குள் பரவின. அதற்குப் பிறகு அந்தக் குழாயில் யாரும் குடிக்கத் தண்ணீர் பிடிக்கவில்லை.

நான்கையும் ஐந்தையும் இணைத்து ஒரு கோடு போடலாமா என்பதுதான் எங்களிடம் வந்த கேள்வி. எங்கள் ஆய்வகத்தில் புதிதாகச் சேருகிறவர்கள் இந்தக் கதையை அரைகுறையாகக் கேட்டுவிட்டு என்னிடம் வருகிறார்கள். முழுதாக ஒருமுறை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

மோட்டார் வாய்

வேலையில் சேர்ந்த முதல் நாள், திட்டத் தலைவர் (மேடம் என்றே எழுதுகிறேன்) என்னைக் களத்துக்கு அழைத்துப்போனார். அவர் சொல்லிக்கொடுத்த முதல் விஷயம் பாட்டிலைத் திறப்பதல்ல, காத்திருப்பது.

"பைப்புக்குள்ள நின்ன தண்ணி நமக்கு வேண்டாம், ஜெசிந்தா. பாறைக்குள்ள இருக்கிற தண்ணிதான் வேணும். ஓடட்டும்."

இதை பர்ஜ் என்போம். மோட்டாரைப் போட்டு, பழைய நீரெல்லாம் வெளியேறும்வரை ஓடவிட வேண்டும். வெப்பமும் உப்பும் ஒரே நிலைக்கு வந்த பிறகு, மோட்டாரிலிருந்து குழாய் மேலே வரும் வாயிலேயே பாட்டிலைப் பிடிக்க வேண்டும். தெருக்குழாயில் பிடிக்கக் கூடாது, தொட்டியிலும் கூடாது. எங்கள் கேள்வி பாறையைப் பற்றியது. ஆகவே பாறைக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில் எடுப்போம்.

செல்வராணி அக்காவுக்கு இது பெரிய வேடிக்கை.

"ஏம் பாப்பா, இம்புட்டுத் தண்ணிய ஓடவிட்டுட்டு இத்துனூண்டு பாட்டில்லயா புடிக்கிற? கரண்டு பில்ல ஒங்க மேடம் கட்டுவாங்களா?"

"வாழைக்குத்தானக்கா போகுது."

"வாழ அழுகிப்போச்சுன்னா ஒன் பேரச் சொல்லித்தான் அழுவேன், பாத்துக்க."

பர்ஜ் தண்ணீர் செம்மண் வாய்க்கால் வழியாக வாழைக்குப் பாயும்போது, தெருப்பிள்ளைகள் அதில் இறங்கி நிற்பார்கள். யாழினியும் வருவாள். அவள் நடக்கப் பழகியதே அந்த வாய்க்கால் ஓரத்தில்தான் என்று மல்லிகா அக்கா ஒருமுறை சொல்லியிருந்தார்.

எடுத்த நீரை ஐஸ் பெட்டியில் வைத்து ஆய்வகம் கொண்டுவந்ததும் ஒரு பங்கில் அன்றைக்கே கோலிபார்ம் சோதனை நடக்கும். மனித, விலங்குக் கழிவு கலந்திருக்கிறதா என்று காட்டும் சாதாரணச் சோதனை அது. திட்டத்துக்கு அது தேவையில்லை. மேடத்தின் பழக்கம். "ஊர்க்காரங்க தண்ணி குடுக்கிறாங்க. பதிலுக்கு நாம அதையாவது குடுக்கணும்" என்பார்.

மீதி நீரை மிக நுண்ணிய துளைகள் கொண்ட வடிகட்டியில் விடுவோம். வழக்கமான பாக்டீரியா எல்லாம் அதன் மேலேயே தங்கிவிடும். கீழே இறங்கும் நீரைக் கிருமி நீங்கிய நீர் என்றுதான் பாடத்தில் படித்திருப்போம். அந்த நீரை இன்னும் சிறிய துளையுள்ள இரண்டாவது வடிகட்டியில் விட்டோம். அதிலும் ஏதோ தங்கியது. அதிலிருந்து டி.என்.ஏ. பிரித்து, மரபணு வரிசையைப் படிக்கும் சீக்வென்சிங்குக்கு அனுப்பினோம். ஆய்வகத்திலேயே ஏதும் கலந்துவிடவில்லை என்று உறுதிசெய்ய, கூடவே வெறும் நீர் வைத்த ஒரு பிளாங்க் குழாயையும் அனுப்பினோம். பிளாங்கில் ஒன்றும் வரவில்லை. போர் நீரில் வந்தது.

வந்தது எது என்றால், அதற்கு ஊர் வழக்கில் பெயர் கிடையாது. உலகத் தரவுத்தளத்தில் எழுத்தும் எண்ணும் சேர்ந்த ஒரு குறியீடு மட்டும் உண்டு. இப்படிப்பட்ட கூட்டங்கள் ஏராளம். அவற்றின் மரபணு கிடைக்கிறது, உயிர் கைக்கு வருவதில்லை. கைரேகை இருக்கிறது, ஆளை யாரும் பார்த்ததில்லை என்று நான் புதியவர்களுக்குச் சொல்வேன். இந்தக் கூட்டத்தின் மரபணுத் தொகுதி மிகச் சிறியது. உயிர்வாழ வேண்டிய பல பொருட்களைத் தானே செய்துகொள்ளும் வழி அதற்கு இல்லை. வேறொரு பாக்டீரியாவை ஒட்டிக்கொண்டு அதனிடமிருந்து வாங்கி வாழ்கிறது என்று ஊகிக்கிறோம். ஊகம்தான்.

வளர்க்க முயன்றோம். சத்துக் குறைந்த வளர்ப்பு ஊடகத்தில், ஆக்சிஜன் இல்லாத ஜாடியில், அந்த போர் நீரையே கலந்த ஊடகத்தில், துணைக்கு வேறு பாக்டீரியாவை விட்டு எல்லாம் பார்த்தோம். பெட்ரித் தட்டுகள் வைத்தபடியே வெறுமையாக இருந்தன.

அடுத்த மாதம் தண்ணீர் எடுக்கப் போனபோது, தண்ணீரில் என்ன கிடைத்தது என்று செல்வராணி அக்கா கேட்டார். சொன்னேன். அவருக்குப் பெருமை தாங்கவில்லை. அன்றைக்கே ரேஷன் கடை வரிசையில், "எங்க போர்ல ஒலகத்துல ஒருத்தரும் வளக்காத கிருமி இருக்காம்ல! காலேஜுல சொல்றாக!" என்று அவரே அறிவித்துவிட்டார். "கிருமிய வச்சுக்கிட்டு என்னாடி பவுசு?" என்று யாரோ கேட்டு, வரிசையே சிரித்ததாம்.

அந்த வாரம்தான் யாழினி இறந்தாள்.

குழாயடி

அடுத்த முறை போனபோது குழாயடியில் குடங்கள் இல்லை. செல்வராணி அக்கா மோட்டாரைப் போட்டுவிட்டுப் படியிலேயே உட்கார்ந்துகொண்டார். பில்லைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"சாவு வீட்டுக்குப் போனேன் பாப்பா. ஒருத்தரும் எம் மொகத்தப் பாக்கல. நான் என்ன வெசத்தையா ஊத்திக் குடுத்தேன்? எங்க வீட்டுக்காரரு குவைத்து வெயில்ல வண்டி ஓட்டி அனுப்புன காசுல போட்ட போருல்ல இது."

பாட்டிலை மூடிக்கொண்டிருந்தபோது கருப்பையா அண்ணன் வந்தார். டாடா ஏஸ் ஓட்டுகிறவர். மதிலுக்கு வெளியிலேயே நின்றார்.

"தங்கச்சி, அந்த வாரத்துத் தண்ணி ஒங்ககிட்ட இருக்குல்ல?"

இருந்தது. அந்த வாரத்துக் கோலிபார்ம் முடிவு இருந்தது, வடிகட்டி உறைநிலையில் இருந்தது.

"இருக்குண்ணே."

"அதப் பாத்துச் சொல்லுங்க. எங்க வீட்டுல அவ தூங்கறதில்ல."

செல்வராணி அக்காவுக்கும் அதேதான் வேண்டியிருந்தது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் என்னைப் பார்த்தார்கள்.

ஐந்து வரிகள்

ஆய்வகத்தில் உட்கார்ந்து நான் எழுதியவை இவை:

அ. அந்த வாரத்து நீரில் கோலிபார்ம் இல்லை.

ஆ. வயிற்றுப்போக்கை உண்டாக்கும் வழக்கமான பாக்டீரியாக்களின் மரபணுத் தடம் இல்லை. வைரஸை எங்கள் முறை தேடுவதில்லை. ஆகவே அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

இ. வளர்க்கப்படாத அந்தக் கூட்டம் இருக்கிறது. குழந்தை நோயுறுவதற்கு முந்தைய மாதங்களிலும் ஏறக்குறைய அதே அளவில் இருந்தது. பட்டியலில் உள்ள மற்ற ஆழமான போர்கள் பலவற்றிலும் இருக்கிறது.

ஈ. ஒரு கிருமி ஒரு நோய்க்குக் காரணம் என்று உறுதி செய்ய, அதைத் தனியாக வளர்த்துப் பார்ப்பது முக்கியமான வழி. இதை வளர்க்க முடியவில்லை. காரணம் என்றும் சொல்ல முடியாது, காரணமே இல்லை என்றும் சத்தியம் செய்ய முடியாது.

உ. நீர் மோட்டார் வாயில் எடுக்கப்பட்டது.

ஐந்தாவது வரியை எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மோட்டார் வாயில் நீர் சுத்தமாக இருந்தது என்றால், அதன் பிறகு என்னென்ன இருக்கிறது? மண்ணுக்குள் ஓடும் பைப், தெருக்குழாய், குடம், குடத்தில் முங்கும் சொம்பு, சொம்பைப் பிடித்த கை. செல்வராணி அக்காவை விடுவிக்கும் ஒவ்வொரு வரியும் மல்லிகா அக்காவின் வீட்டுக்குள் போய் நின்றது.

மேடத்திடம் காட்டினேன். "அஞ்சாவது வரி வேணுமா மேடம்?"

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "அது இல்லாட்டி மேல இருக்கிற நாலுக்கும் அர்த்தம் உண்டா?"

"அந்தம்மா தன் கொடத்தச் சொல்றோம்னு நெனப்பாங்க."

"நெனப்பாங்க." தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். "நீதான் எடுத்த, நீயே சொல்லு. அளந்ததுக்கு மேலயும் சொல்லாத, கீழயும் சொல்லாத."

கூட்டம்

ஊரில் சேவை மையக் கட்டடத்தில் கூடினார்கள். வார்டு மெம்பர் சின்னத்தம்பி நாற்காலி போட்டு வைத்திருந்தார். ஆண்கள் முன்னால், பெண்கள் சன்னல் ஓரம். மல்லிகா அக்கா தூணில் சாய்ந்திருந்தார். செல்வராணி அக்கா வாசல்படியிலேயே நின்றுவிட்டார், உள்ளே வரவில்லை.

முதல் நான்கு வரிகளையும் படித்தேன். படிக்கப் படிக்க முணுமுணுப்பு எழுந்தது.

"பேரு தெரியாத கிருமிங்கிறீங்க" என்றார் கருப்பையா அண்ணன். "அதுதான் எம் புள்ளயக் கொன்னுச்சா, இல்லையா? ஆமான்னா ஆமாங்க. இல்லேன்னா இல்லைங்க."

"ரெண்டும் சொல்ல முடியலண்ணே."

"படிச்சவுக பேச்சே இப்படித்தான்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "மழ வரும், ஆனா வராது!"

சிலர் சிரித்தார்கள். சின்னத்தம்பி கையமர்த்திவிட்டு என் பக்கம் குனிந்து, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி பேசினார்.

"இந்தாங்க பாப்பா, நான் ஒண்ணு சொல்றேன். அந்தக் கிருமி மேலயே எழுதிருங்க. அதுக்குப் பேருமில்ல, வாயுமில்ல. 'நான் இல்ல'ன்னு சொல்லப் போகுதா? போருக்காரிய ஒருத்தரும் குத்தம் சொல்ல வேண்டாம், புள்ளயப் பெத்தவள ஒருத்தரும் சொல்ல வேண்டாம். எல்லாரும் அவுங்கவுங்க வேலையப் பாப்போம்."

பல தலைகள் அசைந்தன. அது கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல. அந்த அறையில் அன்றைக்குச் சொல்லப்பட்டவற்றில் மிகவும் இரக்கமான பேச்சு அதுதான். எனக்கும் ஒரு கணம் அப்படி எழுதிவிடலாம் என்று தோன்றியது. யாருக்கும் வலிக்காது. அந்தக் கூட்டம் பாறைக்குள் என்றைக்கும்போல் இருந்துகொண்டிருக்கும்.

ஆனால் அது இந்த ஊர் போரில் மட்டும் இல்லை.

"எழுதுனா, அது இருக்கிற எல்லாப் போரையும் மூடணும்ண்ணே" என்றேன். "பக்கத்து ஊருல இருக்கு. எங்க ஊரு ஆவூர்ல, எங்க வீட்டுத் தெரு போர்லயும் இருக்கு. நாங்க அதத்தான் குடிக்கிறோம். தெரியாமலே அது செஞ்சதா எழுதிட்டா, செஞ்சது வேற எதாவதா இருந்தா அது இன்னொரு வீட்டுக்குப் போவும். அத அப்புறம் யாரும் தேட மாட்டாங்க."

நான் ஐந்தாவது வரியைப் படித்தேன்.

கொஞ்ச நேரம் யாருக்கும் அதன் பொருள் புரியவில்லை. முதலில் புரிந்தது மல்லிகா அக்காவுக்கு. தூணிலிருந்து நிமிர்ந்தார்.

"அப்ப என் கொடத்துலயா?"

இந்தக் கேள்விக்காக ஒரு வாரமாகத் தயாராகியிருந்தேன்.

"ஒங்க கொடத்த நாங்க சோதன பண்ணலக்கா. பண்ணாததப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. ஒங்க கொடம்னு நான் சொல்லல. ஒங்க கொடம் இல்லேன்னும் என்னால சொல்ல முடியல."

அவர் என்னையே பார்த்தார். பிறகு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெளியே போனார். வாசலில் நின்ற செல்வராணி அக்கா வழிவிட்டு ஒதுங்கினார்.

திரும்பும்போது நான் அழவில்லை. அழுதால் மறுபடி அந்த ஊருக்குப் போக முடியாது என்று தோன்றியது.

நீர்மாலை

அதன் பிறகு சில மாதங்கள் நான் போய் வந்தேன். குழாயில் துணி துவைக்க, மாட்டைக் கழுவ ஆட்கள் வரத் தொடங்கினார்கள். குடிக்கப் பிடிக்கவில்லை.

சித்திரையில் ஒரு நாள். ஸ்கூட்டியை நிறுத்தும்போதே சங்குச் சத்தம் கேட்டது. செல்வராணி அக்கா வீட்டு முன்னால் கூட்டம். மோட்டார் ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்தது.

கருப்பையா அண்ணனின் அப்பா இறந்துவிட்டார். குளிப்பாட்ட நீர்மாலை எடுக்க வேண்டும். பங்காளிகள் குடத்தோடு நீர்நிலைக்குப் போய், மொண்டு, தலைக்குமேல் நாலு பக்கமும் பிடித்த வேட்டியின் நிழலில் சுமந்துவர வேண்டும். ஊருணி வெடித்துக் கிடந்தது. பஞ்சாயத்துத் தொட்டியில் பிடிக்கலாம் என்று யாரோ சொன்னதற்கு, "தொட்டித் தண்ணி ஆகாதுப்பா, ஊத்துத் தண்ணிதான்" என்று பெரியவர்கள் மறுத்துவிட்டார்களாம்.

கருப்பையா அண்ணன் ஈர வேட்டியோடு நின்றார். குடத்தைக் கழுவி, குழாயில் வைத்தார். தண்ணீர் நிறையும் சத்தம் மட்டும் கேட்டது. மருமகள் என்ற முறையில் மல்லிகா அக்காவும் ஒரு சிறு குடத்தில் பிடித்தார். செல்வராணி அக்கா சுவிட்சுப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். வேட்டி விரிந்தது, சங்கு ஊதியது, போனார்கள்.

தெரு காலியான பிறகு செல்வராணி அக்கா சொன்னார்: "எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல பாப்பா. வந்து நின்னாரு. நான் மோட்டாரப் போட்டேன்."

"நல்லதுதானக்கா."

"நல்லதா? ஊருணில தண்ணி கெடந்திருந்தா வந்திருப்பாரா?"

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொன்னேன். அன்றைக்கு பர்ஜ் செய்ய வேண்டியிருக்கவில்லை. நீர் ஏற்கனவே பாறையிலிருந்து வந்துகொண்டிருந்தது. பாட்டிலில் நீரைப் பிடித்துக்கொண்டு கிளம்பினேன்.

கருமாதி முடிந்த பிறகு, அடுத்த மாதம் போனேன். குழாயடியில் மல்லிகா அக்கா நின்றிருந்தார். இடுப்பில் பச்சை பிளாஸ்டிக் குடம், பாதி நீரோடு. குழாயில் பிடித்த குடம் அல்ல, வீட்டிலிருந்து கொண்டுவந்தது.

"இதுலயும் ஒரு பாட்டில் எடுத்துக்கங்க."

"அக்கா, இப்ப எடுத்தா..." நிறுத்தினேன். பிறகு சொல்ல வேண்டியதைச் சொன்னேன். "அன்னைக்கி என்ன இருந்துச்சுன்னு இதுல தெரியாதுக்கா."

"தெரியாதுன்னு எனக்கும் தெரியும். நீங்க எடுங்க."

அது அதே குடமா என்று நான் கேட்கவில்லை. பாட்டிலைத் திறந்தேன். அவர் குடத்தைச் சாய்த்தபோது நீர் பாட்டில் வாயைத் தப்பிச் சிந்தியது. செல்வராணி அக்கா மதிலுக்கு வெளியே வந்து, குடத்தின் அடியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார்.

இப்போதைய நிலை

அந்த ஊரில் இப்போது நான்கு இடங்களில் நீர் எடுக்கிறோம்: மோட்டார் வாய், தெருக்குழாய், விருப்பப்பட்டுக் கொண்டுவருகிறவர்களின் குடம், அவர்கள் வீட்டுச் சொம்பு. திட்டத்துக்கு முதலாவது மட்டும் போதும். மற்றவை ஊருக்காக. சொம்பில் சில சமயம் கோலிபார்ம் வருகிறது. வந்த வீட்டுக்கு மட்டும் தனியே போய்ச் சொல்கிறேன். கொதிக்கவைக்கவும் குளோரின் போடவும் சொல்லிக்கொடுக்கிறேன். தெருவில் வைத்துச் சொல்வதில்லை.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்றுதான் சொல்ல இருக்கிறது. பாட்டிலில் எங்கே எடுத்தது என்று எழுதும் அந்த வார்த்தையை அலட்சியமாக எழுதாதீர்கள். பாறையைப் பற்றிய கேள்விக்குப் பாறையில் எடுத்த நீர் பதில் சொல்லும். குழந்தையைப் பற்றிய கேள்விக்கு, குழந்தை குடித்த இடத்தில் எடுத்த நீர்தான் பதில் சொல்லும். அது நம்மிடம் இல்லாதபோது, இல்லை என்று சொல்லிவிட்டு அங்கேயே நிற்க வேண்டும்.

செல்வராணி அக்காவின் குழாயில் சில வீடுகள் குடிக்கப் பிடிக்கின்றன, சில வீடுகள் பிடிப்பதில்லை. மல்லிகா அக்கா பிடிக்கிறார். மாதாமாதம் குடத்தோடு வருகிறார். இதுவரை அவர் குடத்தில் ஒன்றும் வரவில்லை.

அந்தக் கூட்டம் இன்னும் எந்தத் தட்டிலும் வளரவில்லை. யாழினி எதனால் இறந்தாள் என்று தெரியவில்லை.